ஹெட் கேஸ்கட் போய்விட்டதா? மலைநாட்டுப் பழைய கார்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் போன ஐந்து வருடத்தில், தார்ப்பாய் போர்த்திக் கிடந்த பெட்டி லான்சர், ட்ராட் சன்னி, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் திரும்பவும் அட்டன் வீதியில் ஏறத் தொடங்கின. ஏறிய வேகத்தில் கொதித்துப்போய் என் கராஜ் வாசலில் நின்றவை பல. "ஹெட் கேஸ்கட் போய்விட்டதாம், என்ன செலவாகும்?" என்பதுதான் எல்லோருடைய முதற்கேள்வி. "போய்விட்டது என்று எதை வைத்துச் சொன்னார்கள்?" என்பது நான் திருப்பிக் கேட்கும் கேள்வி. அதற்குப் பதில் கிடைக்கும்வரை ஹெட்டில் நான் ஸ்பானர் வைப்பதில்லை. திரும்பத் திரும்ப வாயால் சொன்னவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஹெட் கேஸ்கட் என்பது என்ன? அது ஏன் போகிறது?

எஞ்சினின் கீழ்ப்பாதி புளொக், மேல்மூடி ஹெட். இரண்டுக்கும் நடுவில் நசுங்கி உட்கார்ந்திருக்கும் மெல்லிய தகடுதான் கேஸ்கட். நெருப்பு, தண்ணீர், ஒயில் மூன்றும் ஒன்றையொன்று தொடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை.

பழைய ஜப்பான் கார்களில் பெரும்பாலும் புளொக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல இரண்டு மடங்கு நீளும். 40 சென்டிமீற்றர் நீளமான ஹெட், காலைக் குளிரிலிருந்து ஓட்டச் சூட்டுக்கு வரும்போது ஏறத்தாழ 0.7 மில்லிமீற்றர் நீள்கிறது. கீழே இருக்கும் இரும்பு அதில் பாதிகூட நீள்வதில்லை. ஒவ்வொரு நாளும் இந்த இழுபறிக்கு நடுவில் கேஸ்கட் தேய்கிறது. ஆனால் அளவான சூட்டில் இதைப் பல வருடம் தாங்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். ஒருமுறை எஞ்சின் அளவுக்கு மீறிக் கொதித்தால் ஹெட் வளைகிறது, பிடிப்புத் தளர்கிறது, தீ அந்த இடைவெளியில் புகுந்து கேஸ்கட்டை எரிக்கிறது. ஆகவே கேஸ்கட் எரிந்திருப்பதைக் கண்டால், எஞ்சினைக் கொதிக்க வைத்தது எது என்று தேடுங்கள். கேஸ்கட்டை மட்டும் மாற்றிக் காசு வாங்குகிறவர் அந்தக் காரணத்தை உங்கள் வண்டிக்குள்ளேயே விட்டுவிட்டுப் போகிறார்.

மலையில் ஓடும் வண்டிக்குத்தான் இது அதிகம் வருமா?

ஏற்றத்தைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். கினிகத்தேனையிலிருந்து அட்டன், புசல்லாவையிலிருந்து இறம்பொடை வழியாக நுவரெலியா, பெரகலையிலிருந்து அப்புத்தளை என்று எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம்தான், சரி. அதோடு இன்னொன்றும் சேர்ந்து வேலை செய்கிறது: உயரம்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 பாகையில் அல்ல, 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமாகிறது என்று வீட்டில் சொல்வதும் இதனால்தான். காரில் இந்தக் குறையை ஈடுசெய்வது ரேடியேட்டர் மூடி. 0.9 என்று பொறித்த மூடி ஒழுங்காக அழுத்தம் பிடித்தால், நுவரெலியாவிலும் தண்ணீர் 115 பாகை வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மறுபடியும் 94தான்.

இப்போது தெர்மோஸ்டட்டைப் பாருங்கள், சூடேறியதும் தண்ணீருக்கு ரேடியேட்டர் வழியைத் திறந்துவிடும் வால்வ் அது. 82 என்று எழுதியது அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்குமே தவிர, முழுதாகத் திறக்க 95 பாகை ஆகும். அதாவது மூடி கெட்ட காரில், தெர்மோஸ்டட் வாயை முழுதாகத் திறப்பதற்குள் தண்ணீர் கொதித்துவிடுகிறது. கொழும்பில் ஆறு பாகை மிச்சம் இருப்பதால் அதே மூடியோடு அதே கார் ஒன்றும் தெரியாமல் ஓடும். வண்டி வாங்கி மலைக்குக் கொண்டுவந்தால் நான் முதலில் மாற்றச் சொல்வது இந்த மூடியைத்தான். கூட்டிச் செலவு பார்த்தால் எஞ்சின் அறையில் இதைவிட மலிவான காவல் இல்லை.

ஒயில் மூடிக்குள் மோர் கடைந்ததுபோல வெள்ளையாக இருக்கிறது. கேஸ்கட்தானே?

அவசரப்படாதீர்கள். தலவாக்கலையிலிருந்து ஒருவர் பெட்டி லான்சர் கொண்டுவந்தார். இந்த வெள்ளையைக் காட்டி ஒரு கராஜில் ஹெட்டைக் கழற்றும் நாளே குறித்துவிட்டார்கள். விசாரித்தால், வண்டி தினமும் ஓடுவது வீட்டிலிருந்து பாடசாலைக்கு இரண்டு கிலோமீற்றர், திரும்பி இரண்டு கிலோமீற்றர். எஞ்சின் சூடாவதற்குள் நிறுத்திவிடுகிறார். பனிக்குளிரில் உள்ளே இருக்கும் ஈரம் மூடியில் பட்டுக் குளிர்ந்து, ஒயிலோடு சேர்ந்து அப்படி வெண்ணெயாகிறது. நாவலப்பிட்டி வரை போய்வரச் சொன்னேன். பாதிக்கு மேல் காணாமல் போயிற்று.

பார்க்கவேண்டியது மூடியை அல்ல, ஒயில் பார்க்கும் கம்பியை. கம்பியில் ஒட்டும் ஒயிலே பால் விட்ட தேநீர் நிறத்தில் இருந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் அது உண்மையான கலப்பு. அப்படி இருந்தால் வண்டியை ஒரு கிலோமீற்றர்கூட ஓட்டாதீர்கள். தண்ணீர் கலந்த ஒயில் பெயரிங்குகளை மிக விரைவில் தின்றுவிடும். கேஸ்கட்டோடு முடியவேண்டிய செலவு முழு எஞ்சினுக்கும் போகும்.

காலையில் வெள்ளைப் புகை வருகிறதே?

நுவரெலியாவில் ஜனவரி காலையில் மனிதன் வாயிலிருந்தும்தான் வருகிறது. சைலன்சர் சூடான பிறகும், பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிய பிறகும் நிற்காமல் வந்தால், இனிப்பு கலந்த மணமும் இருந்தால், சந்தேகப்படலாம். ஒரு சிலிண்டரின் பிளக் மட்டும் கழுவித் துடைத்ததுபோலப் பளிச்சென்று இருந்தால் சந்தேகம் ஏறக்குறைய உறுதியாகிறது. அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போய் நீராவியாகி அதைக் கழுவியிருக்கிறது.

அப்படியானால் வீட்டில் நானே எப்படி உறுதிப்படுத்துவது?

விடியற்காலை, எஞ்சின் முழுதும் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் அது மெத்தென்று இருக்கவேண்டும். எஞ்சினை இயக்கி ஒரு நிமிடத்துக்குள் அது கல்லாக இறுகினால் யோசியுங்கள்: தண்ணீர் இன்னும் சூடாகவே இல்லை, பின் அழுத்தம் எங்கிருந்து வந்தது? சிலிண்டருக்குள் எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்திருக்கிறது. வேறு கருவி எதுவும் இல்லாதவருக்கு இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரியாது.

அடுத்தது குமிழி. இதையும் குளிர்ந்த எஞ்சினில்தான் பார்க்கவேண்டும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து விளிம்புவரை தண்ணீர் நிரப்புங்கள். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டால் வாட்டர் பம்ப் தண்ணீரைக் கலக்காது. எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஆக்சிலேட்டரை மெல்லக் கொடுத்துப் பாருங்கள். தொடர்ச்சியாகக் குமிழி வந்தால் தண்ணீர்ப் பாதையில் வாயு இருக்கிறது. முதலில் இரண்டொரு குமிழி வந்து நிற்பது உள்ளே தங்கியிருந்த காற்று, அதற்குப் பயப்படவேண்டாம். சூடான எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது. முதற்காரணம், மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். இரண்டாவது, 94 பாகையில் கொதிக்கும் ஊரில் சும்மா கொதிப்பதையே கேஸ்கட் குமிழி என்று எண்ணி ஏமாந்துவிடுவீர்கள். ஏமாந்த மெக்கானிக்குகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

சில கராஜ்களில் நீல நிறத் திரவம் உள்ள சிறு குழாய் இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் வைத்து மேலிருக்கும் காற்றை அதன் வழியாக உறிஞ்சும்போது நீலம் மஞ்சளானால், தண்ணீருக்குள் எரிந்த வாயு கலந்திருக்கிறது. குழாய்க்குள் தண்ணீர் ஏறினால் திரவம் வீணாகும், அதனால் முதலில் தண்ணீர்மட்டத்தைக் குறைக்கவேண்டும். இதைச் செய்ய வசதி இருந்தால் வேறு விவாதமே வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். காலையில் ஸ்டார்ட்டர் 'டக்' என்று அடித்து எஞ்சின் சுற்றாமல் முட்டி நின்றால், திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். இரவில் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கி நிறைந்திருக்கலாம். தண்ணீர் நசுங்காது, பிஸ்டனைத் தாங்கும் தண்டான கொன்ராட்தான் வளையும். பிளக்குகளைக் கழற்றி, கொயில் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டு, அதன்பின் ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். எந்தத் துவாரத்திலிருந்து தண்ணீர் பீறிடுகிறதோ அதுதான் நோயுள்ள சிலிண்டர்.

புத்தகத்தில் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று நசுங்கும் அழுத்தம்) 12 கிலோ என்று இருக்கிறது. என் காருக்கு நுவரெலியாவில் 9.5தான் காட்டியது. எஞ்சினே போய்விட்டதா?

இல்லை. அது ஆரோக்கியமான எஞ்சின். புத்தகம் எழுதியவர் கடல்மட்டத்தில் உட்கார்ந்து எழுதினார். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். எஞ்சின் உள்ளே இழுப்பதே குறைவான காற்று என்றால், நசுக்கும்போது காட்டும் எண்ணும் குறையத்தான் செய்யும். கொழும்பில் 12 காட்டுவது இங்கே ஏறத்தாழ 9.6 காட்டும், அட்டனில் 10.3 அளவில் வரும். இது தெரியாமல் நல்ல எஞ்சின்களுக்குப் பிஸ்டன் ரிங் மாற்றியவர்கள் இந்த மலையில் இருக்கிறார்கள்.

எண்ணின் உயரத்தைப் பார்க்காமல் நான்கு சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரு கிலோவுக்குள் என்றால் நல்லது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் சேர்ந்து விழுந்திருந்தால், உதாரணமாக 9.5, 5, 5, 9.5 என்று வந்தால், அவை இரண்டுக்கும் நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கிறது. மொறிஸ் மைனரில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இப்படி வருவது பழக்கப்பட்ட நோய். இந்த வகையில் தண்ணீரும் குறையாது, ஒயிலும் வெளுக்காது. வண்டிக்கு இழுவை இருக்காது, நடுங்கும், அவ்வளவுதான். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிக்கொண்டே பலர் மாதக்கணக்கில் காலத்தைப் போக்குகிறார்கள்.

தெர்மோஸ்டட்டைக் கழற்றி எறிந்தால் சூடு வராது என்கிறார்களே?

என்கிறார்கள், நாற்பது வருடமாக. பல எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றிவர ஒரு குறுக்குவழி உண்டு. தெர்மோஸ்டட் திறக்கும்போது அந்தக் குறுக்குவழியை மூடுவதும் அதன் வேலை. கழற்றிவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கம் போகாமலேயே சுற்றும், கடும் ஏற்றத்தில் சூடு கூடவும் செய்யும். இறக்கத்திலோ எஞ்சின் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்துவிடும். ஏற்றத்தில் சூடு, இறக்கத்தில் குளிர் என்று ஹெட்டை நீட்டிச் சுருக்கிக்கொண்டே இருந்தால் கேஸ்கட் எப்படி நிலைக்கும்? பழையது கெட்டிருந்தால் புதியது போடுங்கள். போடுமுன் அடுப்பில் தண்ணீருக்குள் தொங்கவிட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள்.

ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடலாமா? ஒழுக்கை அடைக்கும் திரவம்?

ரேடியேட்டரில் ஊசித்துவாரம் விழுந்து ஆளில்லாத வீதியில் நின்றால், வீடு வந்து சேர மஞ்சள் தூள் உதவும். கேஸ்கட்டுக்கு உதவாது. சிலிண்டருக்குள் எரியும் தீயின் அழுத்தத்துக்கு முன் அந்தப் பசை நிற்காது. ரேடியேட்டரின் நல்ல குழாய்களைத்தான் அடைக்கும். கடையில் விற்கும் திரவத்துக்கும் என் பதில் இதேதான். மஞ்சள் விலை உச்சத்தில் இருந்த நாட்களிலும் ஒருவர் அரைக் கிலோ போட்டுவிட்டு வந்தார். ரேடியேட்டரைக் கழுவ எனக்கு ஒரு பகல் முழுதும் போயிற்று.

ஏற்றத்தில் முள் மேலே ஏறினால் உடனே என்ன செய்வது?

ஏசி இருந்தால் நிறுத்துங்கள். ஹீட்டர் உள்ள காராக இருந்தால் முழுதாகத் திறந்து, யன்னலைத் திறந்துகொள்ளுங்கள், அதுவும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான். மேல் கியரில் எஞ்சினை முக்கவைக்காமல் ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். பழைய கார்களில் ஃபேனும் பம்பும் எஞ்சின் சுற்றும் வேகத்தில்தான் சுற்றுகின்றன. மெதுவாகச் சுற்றினால் காற்றும் இல்லை, தண்ணீரோட்டமும் இல்லை. அப்படியும் அடங்காவிட்டால் ஓரமாக நிறுத்திவிடுங்கள். சிவப்புக் கோட்டில் இன்னும் ஒரு வளைவு, இன்னும் ஒரு வளைவு என்று போனவர்களின் ஹெட்தான் வளைகிறது.

ஏறி நின்ற முள் திடீரென்று கீழே விழுந்தால் மகிழ வேண்டாம். தண்ணீர் தீர்ந்து சென்சர் காற்றில் தொங்கினாலும் அப்படித்தான் விழும். அரை மணி நேரத்துக்கு மூடியைத் தொடாதீர்கள். வீதியோரப் பீலியிலிருந்து பச்சைத் தண்ணீரைப் பிடித்து உடனே உள்ளே ஊற்றினால் ஹெட்டில் வெடிப்பு விழலாம். மலைநாட்டில் எங்கும் தண்ணீர் கிடைப்பது வரம்தான், இந்த ஒரு வேளையில் மட்டும் சாபம்.

சரி, கேஸ்கட்தான் என்று உறுதியாகிவிட்டது. வேலை நடக்கும்போது நான் எதைக் கவனிக்கவேண்டும்?

ஹெட் முழுதாகக் குளிர்ந்த பின்தான் போல்ட்டுகளைத் தளர்த்தவேண்டும். வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாக. சூட்டோடு ஒரே மூச்சில் கழற்றினால் நல்ல ஹெட்டும் வளைந்துவிடும். புஷ்ராட் (வால்வைத் தள்ளும் கம்பிகள்) உள்ள எஞ்சினாக இருந்தால் அவற்றைக் காட்போட் மட்டையில் துளையிட்டு, இருந்த ஒழுங்கிலேயே குத்தி வைக்கச் சொல்லுங்கள். வாளியில் போட்டுக் கலக்குகிறவரிடம் வண்டியை விடாதீர்கள். பழைய பேஜோ 404 போன்ற ஈரலைனர் எஞ்சின்களில் (சிலிண்டர்கள் தண்ணீரைத் தொட்டபடி தனிக் குழாய்களாக நிற்பவை) ஹெட் இல்லாத நேரம் கிராங்கைச் சுற்றவே கூடாது. லைனர்கள் அசைந்து அடியில் உள்ள சீல் விட்டுவிடும்.

அலுமினியத்தை இரும்புச் சுரண்டியாலோ சுழலும் எமரியாலோ துடைக்கக்கூடாது. நான் சீவிய மூங்கில் துண்டைப் பயன்படுத்துகிறேன், நேரம் எடுக்கும், கீறல் விழாது.

பிறகு ஹெட் நேராக இருக்கிறதா என்ற அளவை. இதைக் கண்ணெதிரே செய்யச் சொல்லிக் கேளுங்கள். நேர்விளிம்புக் கட்டையை நீளவாக்கில், குறுக்கில், மூலைக்கு மூலை வைத்து அடியில் ஃபீலர் தகடு நுழைகிறதா என்று பார்க்கவேண்டும். பல ஜப்பான் எஞ்சின்களுக்கு 0.05 மில்லிமீற்றர் வரை பொறுக்கலாம், 0.1 என்றால் லேத்துக்குக் கொண்டுபோய்ச் சீவவேண்டும். உங்கள் எஞ்சினுக்குரிய புத்தகம் சொல்வதே இறுதி. புளொக்கின் மேல்தளத்தையும் இதேபோல அளக்கவேண்டும், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். தண்ணீர்த் துவாரங்களைச் சுற்றி அலுமினியம் அரித்துக் குழி விழுந்திருந்தால், வருடக்கணக்கில் வெறும் தண்ணீர் ஊற்றியதன் பலன் அது.

லேத்தில் சீவினால் போதுமா?

சீவுமுன் வெடிப்புச் சோதனை. துவாரங்களை அடைத்து, அழுத்தக் காற்று ஏற்றி, சுடுதண்ணீரில் அமிழ்த்திப் பார்ப்பார்கள். வெடித்த ஹெட்டைச் சீவுவது காசைச் சீவுவதுதான். கேம்ஷாஃப்ட் (வால்வுகளை இயக்கும் தண்டு) மேலே உள்ள ஹெட்டாக இருந்தால் அந்தத் தண்டைத் தாங்கிகளில் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகினால் ஹெட் மேலேயும் வளைந்திருக்கிறது, அடியை மட்டும் சீவி அதை நேராக்க முடியாது. எவ்வளவு சீவலாம் என்பதற்கு எல்லை உண்டு. முன்பு எத்தனை பேர் சீவினார்கள் என்று ஹெட்டின் உயரத்தை அளந்தால்தான் தெரியும்.

டீசல் வேனுக்கும் இதே முறைதானா?

அடிப்படை ஒன்றுதான், ஆனால் கண்டிப்பு அதிகம். பல டீசல் எஞ்சின்களுக்குக் கேஸ்கட் இரண்டு மூன்று தடிப்பில் வருகிறது. பிஸ்டன் புளொக்குக்கு மேல் எவ்வளவு எழும்புகிறது என்று அளந்து, அதற்கேற்ற அடையாளம் உள்ளதை வாங்கவேண்டும். டவுன்ஏஸ், லைட்ஏஸ் வேன்களில் வந்த 2சி எஞ்சின் ஒருமுறை கொதித்தால் ஹெட் வெடிக்கும் என்று பெயரெடுத்தது. அதற்குச் சோதனை இல்லாமல் கேஸ்கட் மட்டும் போடாதீர்கள்.

போல்ட்டை இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரெஞ்சால்தான் இறுக்கவேண்டுமா? எங்கள் மெக்கானிக் பாஸ் கை அளவிலேயே இறுக்குவார்.

அவர் கை எனக்கும் மதிப்புக்குரியதுதான். ஆனால் முதல் போல்ட்டுக்கு இருந்த பலம் பத்தாவது போல்ட்டுக்கு இருக்காது. நடுவில் தொடங்கி வெளியே போகும் ஒழுங்கில், மூன்று கட்டமாக, புத்தகத்து அளவுக்கு ரெஞ்சால் இறுக்கவேண்டும். மொறிஸ் மைனருக்கு 40 இறாத்தல்-அடி, அதாவது ஏறத்தாழ 5.5 கிலோகிராம்-மீற்றர். போல்ட் இறங்கும் குழிகளுக்குள் தண்ணீரோ ஒயிலோ தேங்கியிருந்தால் இறுக்கும் அழுத்தத்தில் புளொக்கே வெடிக்கலாம், ரெஞ்சும் பொய்க்கணக்குக் காட்டும். துணி சுற்றிய கம்பியால் ஒற்றியெடுங்கள். கோணக் கணக்கில் இறுக்கும் வகை போல்ட்டுகள் ஒருமுறை இழுபட்டவை, புதியவைதான் போடவேண்டும்.

பழைய வகைக் கேஸ்கட் முதற்சூட்டில் கொஞ்சம் அமுங்கும். சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின், குளிர்ந்த நிலையில் மறுபடி இறுக்கி வால்வ் இடைவெளியையும் திருத்தவேண்டும். மொறிஸுக்கு அது 0.012 அங்குலம். "மறுபடி கொண்டு வாருங்கள்" என்று சொல்லும் மெக்கானிக் காசு பிடுங்குவதாக நினைக்கவேண்டாம்.

தண்ணீர் ஊற்றுவதில் என்ன இருக்கிறது?

உள்ளே காற்று தங்கிவிட்டால் புதுக் கேஸ்கட்டும் முதல் நாளே எரியலாம். நம் ஊரில் இதற்கு இலவச உதவி உண்டு: மேட்டைப் பார்த்து முகம் உயரும்படி காரை நிறுத்துங்கள். ரேடியேட்டர் வாய் உயரமான இடமாகிவிடும், காற்று தானாக மேலேறும். ஹீட்டரைத் திறந்து வைத்து, மூடியில்லாமல் ஓடவிட்டு, தெர்மோஸ்டட் திறந்து மட்டம் இறங்கும்போது நிரப்புங்கள்.

பீலித் தண்ணீர் கண்ணாடிபோல இருக்கும், குடிக்கலாம், ஆனால் அதில் துருவைத் தடுக்கும் எதுவும் இல்லை. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில் மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற கார்களைத் திறந்தபோது, உள்ளே செங்கல் கரைத்ததுபோல இருந்தது. மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கூலன்ட் சேருங்கள். உறைபனிக்காக அல்ல, துருவுக்கும் கொதிநிலைக்கும்தான். வடித்த பழைய கூலன்டை மரக்கறிப் பாத்திப் பக்கம் ஊற்றாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், நக்கினால் சாகும்.

மாற்றி மூன்று மாதத்தில் மறுபடி போய்விட்டது. கேஸ்கட் போலியா?

இருக்கலாம். ஆனால் நான் முதலில் கேட்பது, ரேடியேட்டரைச் சுத்தம் செய்தீர்களா, பம்பின் இலைகள் துருப்பிடித்துக் கரைந்திருந்ததைப் பார்த்தீர்களா, ஃபேன் பெல்ட் வழுக்குகிறதா, எஞ்சின் டைமிங் பிந்தியிருக்கிறதா, கீழ் ஹோஸ் உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்கிறதா என்று. முதல் முறை கொதிக்க வைத்தது எதுவோ அதுதான் இரண்டாம் முறையும் கொதிக்க வைத்திருக்கும்.

கழற்றிய பழைய கேஸ்கட்டை என்ன செய்வது?

குப்பையில் போட விடாதீர்கள், கேட்டு வாங்குங்கள். எரிந்த இடம் கறுத்துத் தனியாகத் தெரியும். இரண்டு சிலிண்டர் நடுவிலா, தண்ணீர்த் துவாரப் பக்கமா, ஓரத்திலா என்று பாருங்கள். ஹெட்டின் அதே இடத்தில் அளவு பார்த்தார்களா என்று கேளுங்கள். என் கராஜ் சுவரில் ஆணியடித்து இருபதுக்கு மேல் தொங்குகின்றன, ஒவ்வொன்றிலும் வண்டி எண்ணையும் காரணத்தையும் பெயின்டால் எழுதியிருக்கிறேன். அதிகமாக எழுதப்பட்ட சொல் "மூடி".